ஹைபிரிட் காரும் மறைத்து வைத்த மீதியும்

காரில் இருக்கும் மீட்டர்களிலேயே அதிகம் பார்க்கப்படுவதும் குறைவாக நம்பப்படுவதும் ஒன்றுதான்: பெட்ரோல் மீட்டர். "முள் அடியில் போய்ப் படுத்தாலும் இன்னும் முப்பது கிலோமீட்டர் தாராளமாக ஓடும்" என்று சொல்லாத கார்க்காரர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். காலி என்று மீட்டர் காட்டும்போது டேங்க் உண்மையில் காலியாக இருப்பதில்லை. கொஞ்சம் மீதி இருக்கும்படிதான் கம்பெனிகளே அதை அமைக்கின்றன. வண்டியும் பெட்ரோலும் மீட்டரும் சேர்ந்து ஆடும் இந்தச் சின்ன நாடகம் சாதாரணக் கார்களில் பெரிய தொல்லை தருவதில்லை. ஹைபிரிட் காரில் அப்படி இல்லை.

முதலில் சாதாரண மீட்டரைப் பார்த்துவிடலாம். டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஒரு கம்பியின் முனையில் மேலும் கீழும் ஆடும். கம்பியின் மறுமுனை மின்தடையைக் கூட்டிக் குறைக்கும். அந்தத் தடை மாறுவதுதான் முன்னால் முள்ளாக நகர்கிறது. ஆக, மீட்டர் அளப்பது பெட்ரோலின் அளவை அல்ல, அதன் மட்டத்தை. டேங்க் சதுரப் பெட்டியாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் டேங்க் என்பது பின் சீட்டுக்கு அடியில் கிடைத்த இடத்தில் வளைத்து நெளித்துத் திணிக்கப்பட்ட பாத்திரம். மேல் பாதியில் ஓர் அங்குலம் இறங்கினால் போன பெட்ரோலும், அடியில் ஓர் அங்குலம் இறங்கினால் போன பெட்ரோலும் சமமாக இருக்காது. மேட்டில் ஏறினால் பெட்ரோல் பின்னால் சாயும், திருப்பத்தில் பக்கவாட்டில் அலையும். முள் பேயாடாமல் இருக்க, அது மெதுவாகவே நகரும்படி செய்திருப்பார்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் 'முழுசு', 'பாதி', 'காலி' என்று காட்டப்படுகிறது.

இனி ஹைபிரிட் கதை. டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, 2000இல் அமெரிக்கா போனது. அமெரிக்காவில் அதைப் பிரபலமாக்கியது 2004 முதல் 2009 வரை விற்ற இரண்டாம் தலைமுறை. அந்தக் காரின் டேங்க் கொள்ளளவு 11.9 காலன், அதாவது 45 லிட்டர். (அங்கே 'கேஸ்' என்றால் சமையல் வாயு இல்லை, பெட்ரோல்தான்!) முள்ளுக்குப் பதில் பத்துக் கட்டங்கள் கொண்ட டிஜிட்டல் மீட்டர். கடைசிக் கட்டம் கண் சிமிட்டினால் போட்டாக வேண்டும்.

இதுவரை விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் டேங்குக்கு உள்ளே இருந்தது. வட அமெரிக்காவில் விற்ற பிரியஸில், இரும்பு டேங்குக்குள் பிசின் பொருளால் ஆன ஒரு பை இருந்தது. பெட்ரோல் அந்தப் பைக்குள்தான் போகும். நிரப்பினால் பை விரியும், செலவானால் சுருங்கும். நோக்கம் நல்ல நோக்கம்தான். சாதாரண டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய மேலே வெற்றிடம் உண்டாகி, அதில் ஆவி நிறையும். வெயில் ஏறினால் அந்த ஆவி வெளியேறப் பார்க்கும். அதைக் கரி நிரப்பிய குப்பியில் பிடித்து வைத்து, என்ஜின் ஓடும்போது உறிஞ்சி எரிப்பது வழக்கம். என்ஜின் அடிக்கடி நின்றுவிடும் ஹைபிரிட்டில் அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. பையோ தானே சுருங்குவதால் ஆவிக்கு இடமே கொடுப்பதில்லை. கலிபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்கு இது பொருத்தமாக இருந்தது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்ற பிரியஸ்களுக்கு இந்தப் பை கிடையாது.

பிரச்சினை குளிரில் ஆரம்பித்தது. குளிர்ந்தால் பை விறைக்கும், சரியாக விரியாது. வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்றால் டேங்கின் கொள்ளளவு சுமார் 5 லிட்டர் குறையும் என்று டொயோட்டாவின் தொழில்நுட்பக் குறிப்பே சொன்னது. நாற்பத்தைந்தில் ஐந்து! பங்கில் குழாயை வைத்தால் முழுசாக நிரம்பும் முன்பே 'டக்' என்று நின்றுவிடும். மீட்டரில் பத்துக் கட்டமும் எரிந்தாலும் உள்ளே இருப்பது 45 லிட்டரா 40 லிட்டரா என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

டொயோட்டா பொறியாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சாதாரண மிதவைக் கம்பிக்குப் பதிலாக, ஒரு குழாய்க்குள் காந்தம் பொருத்திய மிதவையை வைத்தார்கள். கார் முன்னும் பின்னும் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தனி உணரிகளையும் வைத்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். அந்தக் காலத்துக்கு இது சாதாரண ஏற்பாடு இல்லை. இவ்வளவு செய்தும் கடைசியில் ஓட்டுபவர் கண்ணுக்குக் கிடைத்தது பத்துக் கட்டம் மட்டுமே.

பத்துக் கட்டம் போதாதா என்றால், இங்கேதான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தப் பிரியஸுக்கு அமெரிக்க அரசின் திருத்திய மைலேஜ் காலனுக்கு 46 மைல். லிட்டருக்கு ஏறக்குறைய 19.5 கிலோமீட்டர். கட்டங்கள் சமமாகப் பிரிக்கப்பட்டவை என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டம் 4.5 லிட்டர், அதாவது 88 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் சாதாரணக் காரில் அதே ஒரு கட்டம் வெறும் 45 கிலோமீட்டர். லிட்டர் கணக்கில் ஒரே பிழை, தூரக் கணக்கில் இரண்டு மடங்கு. கார் எவ்வளவு சிக்கனமோ, மீட்டரின் பிழைக்கு அவ்வளவு விலை. பலரும் கவனிக்காத விஷயம் இது.

மைலேஜ் கணக்கும் இதனால் கெடும். ஒரு முறை முழுசாக நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. 'முழுசு' என்பது இரண்டு முறையும் ஒரே அளவு என்றால்தான் இந்த வகுத்தல் சரி. 700 கிலோமீட்டர் ஓட்டி 35 லிட்டர் எரித்த கார் லிட்டருக்கு 20 தருகிறது. ஆனால் குழாய் 3 லிட்டர் முன்னதாகவே நின்று 32 லிட்டர்தான் ஏறியது என்றால் கணக்கில் வருவது 21.9. உரிமையாளர் சந்தோஷமாக நண்பர்களுக்குச் சொல்லுவார். அடுத்த முறை வெயிலில் பை நன்றாக விரிந்து கூடுதலாக ஏறினால் மைலேஜ் 'விழுந்துவிடும்'. அவர் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோவார். இரண்டு முறையும் காரில் எந்த மாற்றமும் இல்லை. ஒரே பரிகாரம், பத்துப் பதினைந்து முறை நிரப்பியதைச் சேர்த்துச் சராசரி பார்ப்பதுதான்.

இதெல்லாம் கணக்குப் பிழை, உயிர் போகிற விஷயமா என்று கேட்கலாம். நடுவழியில் பெட்ரோல் தீர்ந்தால் பிரியஸ் உடனே நின்றுவிடாது. பேட்டரியில் கொஞ்ச தூரம் நகரும். ஓட்டுபவரும் பங்க் வந்துவிடும் என்று நகர்த்திக்கொண்டே போவார். ஆபத்து அங்கேதான். பிரியஸில் சாதாரணக் காருக்கு இருப்பது போன்ற தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. என்ஜினைச் சுழற்றி எழுப்புவது பெரிய ஹைபிரிட் பேட்டரியின் மின்சாரம்தான். அதையும் கடைசிவரை வடித்துவிட்டால், பிறகு டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினாலும் என்ஜினை எழுப்ப ஆளில்லை. சாதாரணக் காருக்கு ஒரு கேன் பெட்ரோல் போதும், இதற்கு இழுவை வண்டி வர வேண்டும். மைனஸ் பத்தில், இரவில், அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்தில் இப்படி நிற்பது விளையாட்டு இல்லை. பையின் கொள்ளளவு குறைவதும் அதே குளிரில்தான்.

சரி, கம்பெனிகளின் பக்க நியாயம் என்ன? "காலி என்று காட்டிய பிறகும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறோம். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வணிகவியல் படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட குரலாக இருக்கும். கணக்கியலில் முன்னெச்சரிக்கை மரபு என்று ஒன்று உண்டு. வரப்போகும் லாபத்தை இப்போதே எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை என்பது அதன் சாரம். அதுவரை சரி. ஆனால் அதே மரபின் பெயரால், ஒதுக்கியதை வெளியே சொல்லாமல் மறைத்து வைக்கும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. அதற்கு ரகசிய ஒதுக்கு என்று பெயர்.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1931இல் லண்டனில் நடந்த ராயல் மெயில் கப்பல் கம்பெனி வழக்கு சாட்சி. கம்பெனி நஷ்டத்தில் ஓடிய வருஷங்களில், நல்ல காலத்தில் மறைத்து வைத்த ஒதுக்கிலிருந்து எடுத்துப் போட்டு லாபம் போலக் காட்டினார்கள். பங்குதாரர்கள் நம்பினார்கள். ஆண்டுக் கணக்குகள் பற்றிய குற்றச்சாட்டில் தலைவர் கில்சாண்ட் பிரபுவும் தணிக்கையாளரும் விடுதலையானார்கள். ஆனால் 1928இல் வெளியிட்ட கடன் பத்திர விளம்பர அறிக்கைக்காக கில்சாண்டுக்கு ஒரு வருஷம் சிறை கிடைத்தது. பின்னாளில் பிரிட்டனின் 1948ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் ஒதுக்குகளை வெளிப்படையாகக் காட்டச் சொன்னது. கற்ற பாடம் ஒன்றுதான்: ஒதுக்கு வைப்பது தப்பில்லை, மறைத்து வைப்பதுதான் தப்பு.

பெட்ரோல் மீட்டரின் ஒதுக்கும் அப்படித்தான். மறைவாக மிச்சம் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், பிறகு பூஜ்யத்தை யார் நம்புவார்கள்? கண் சிமிட்டும் கட்டத்தைப் பார்த்தவுடன் பங்குக்குப் போகாமல், "இன்னும் ஏழெட்டு லிட்டர் இருக்கும்" என்று சூதாடத் தொடங்குவார்கள். பை வைத்த பிரியஸில் அந்த மறைவான மிச்சம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஜூலையில் ஜெயித்த சூதாட்டம் ஜனவரியில் தோற்கும். பாதுகாப்புக்காக மறைத்ததே பாதுகாப்பைக் கெடுக்கிறது.

பழைய காலம் இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்தது. அமெரிக்காவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களில் 1962 மாடல் வரும்வரை பெட்ரோல் மீட்டரே கிடையாது. காலடியில் ஒரு ரிசர்வ் திருகு இருந்தது. என்ஜின் இருமினால் அதைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான், இனி ரிசர்வ் மட்டும்தான் என்று ஓட்டுபவருக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். நம்மூர் பழைய பைக்குகளில் 'ரிசர்வ் விழுந்திடுச்சு' என்று சொல்வதும் இதையேதான். அது மறைத்த ஒதுக்கு இல்லை, அறிவித்த ஒதுக்கு. அதனால்தான் ரிசர்வ் விழுந்த பிறகு ஊர் சுற்றுகிறவர்கள் குறைவு.

பை கதை 2010 மாடலாக வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸோடு முடிந்தது. டொயோட்டா பையை எடுத்துவிட்டது. ஆனால் மீட்டர் கதை முடியவில்லை. 2019இல் வந்த ரேவ் 4 ஹைபிரிட்டின் டேங்க் 14.5 காலன், சுமார் 55 லிட்டர். பல உரிமையாளர்கள் அதைச் சொன்ன அளவுக்கு நிரப்பவே முடியவில்லை என்றார்கள். 2020இல் அமெரிக்காவில் வழக்கும் வந்தது. டேங்கின் வடிவம் முழுசாக நிரம்ப விடாமல் தடுக்கலாம் என்று டொயோட்டா ஒப்புக்கொண்டு, டேங்கை மாற்றித் தரும் ஏற்பாட்டுக்கு வந்தது. பையே இல்லாத காலத்திலும் 'முழுசு' என்ற சொல்லுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆயிற்று.

இப்போதைய கார்களில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றே காட்டுகிறார்களே, அது போதாதா? போதாது. அது ஓர் உத்தேசத்தை இன்னோர் உத்தேசத்தால் பெருக்கி வந்த விடை. மீதி பெட்ரோல் ஓர் உத்தேசம், இதுவரை கிடைத்த மைலேஜ் இன்னோர் உத்தேசம். ஹைபிரிட்டின் மைலேஜ் குளிரில் விழும், சின்னச் சின்னப் பயணங்களில் விழும். உள்ளே சூடு வேண்டுமென்றால் நிற்க வேண்டிய என்ஜினும் நிற்காமல் ஓடும். இத்தனை சந்தேகங்களுக்கு மேல் நின்றுகொண்டு '112 கிலோமீட்டர்' என்று கடைசி இலக்கம்வரை சொல்வது, கட்டங்களைவிடப் பெரிய பாசாங்கு.

செய்யக்கூடியது என்ன? சிரமமான காரியம் ஒன்றுமில்லை. மீதியை லிட்டரில் எண்ணாகக் காட்டலாம், கூடவே எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும் காட்டலாம். பூஜ்யம் என்றால் பூஜ்யமாக இருக்கட்டும். அதற்கு மேலே ரிசர்வ் என்று தனி நிறத்தில், இத்தனை லிட்டர் என்று எழுதிக் காட்டட்டும். குளிரில் கொள்ளளவு குறையும் என்றால் அதையும் திரையில் சொல்லட்டும். வேக மீட்டருக்கு ஐ.நா.வின் வாகன விதி ஒன்று இருக்கிறது: உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டினாலும் பத்து சதவீதத்தோடு மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் மீட்டருக்கும் அப்படி ஒரு வரம்பு வேண்டும். அமெரிக்க பங்குகளில் ஐந்து காலன் ஊற்றினால் பிழை 6 கன அங்குலத்துக்குள், அதாவது சுமார் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்று அளவு அதிகாரிகள் சோதிக்கிறார்கள். அரை சதவீதம்! விற்கும்போது அரை சதவீதம் பார்க்கப்படும் அதே பெட்ரோல், காருக்குள் போனதும் பத்துச் சதவீதக் கட்டங்களில் அளக்கப்படுவது என்ன நியாயம்?

அந்த நாள் வரும்வரை ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது எளிது. இரண்டு கட்டம் இருக்கும்போதே நிரப்புவது, குளிர்காலத்தில் அதற்கும் முன்னதாக. குழாய் நின்ற பிறகு வற்புறுத்தி ஊற்றாமல் இருப்பது. தீர்ந்துவிட்டால் பேட்டரியில் ஓட்டிப் பார்க்காமல் உடனே ஓரம் கட்டுவது. ஆனால் மீட்டரின் குறையை ஓட்டுபவரின் ஜாக்கிரதை எத்தனை நாளைக்கு ஈடுகட்டும்? கம்பெனிகளுக்கு உள்ளே இருப்பது தெரியாமல் இல்லை. சாய்வைக்கூட அளந்து திருத்தத் தெரிந்தவர்களுக்கு, திருத்திய எண்ணை எழுதிக் காட்டத் தெரியாதா என்ன?