கையில் செயின்சா, காலில் சிலிப்பர்

ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானின் தோட்டப்புறக் கோயில் திருவிழா எதற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பந்தலுக்குப் பின்னால் பெரிய அண்டா விறகடுப்பில்தான் கொதித்துக்கொண்டிருக்கும். எரிவாயு அடுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிறவர்கள் இன்றும் விறகைத்தான் நம்புகிறார்கள். மாறியிருப்பது விறகு போடுகிற ஆளின் கையில் உள்ள கருவி. முன்பு கோடாரியோடு வந்த அண்ணன் இப்போது செயின்சாவோடு வருகிறார். இடுப்பில் கைலி அல்லது அரைக்கால் சிலுவார், காலில் ஜப்பான் சிலிப்பர், காதில் ஒன்றுமில்லை.

விறகடுப்பை ஒழிக்க வேண்டும் என்று எழுத வரவில்லை. இயந்திரம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விறகு வேலையில் இரண்டு பாதிகள் உண்டு: அறுப்பது ஒன்று, பிளப்பது இன்னொன்று. இரண்டுக்கும் இயற்பியல் வேறு, கருவியும் வேறு. இரண்டையும் ஒரே செயின்சாவால் முடிக்கப் பார்ப்பதுதான் ஆபத்தின் தொடக்கம். இதுவே என் கருத்து.

முதலில் மரத்தைப் பார்ப்போம். தோட்டங்கள் பால்மரத் தோட்டங்களாக இருந்தவரை விறகுக்குக் குறைவில்லை. பால்மரத்தை 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்வார்கள். காற்றில் முறியும் கிளைகள் வேறு. ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்ட புகை வீடுகளிலும் பால்மர விறகுதான் எரிந்தது. அந்தப் புகை ஷீட்டைக் காய வைத்ததோடு, பூஞ்சணம் பிடிக்காமலும் காத்தது. இப்போது பெரும்பாலான தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையை விறகாக்க முடியுமா என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. முயன்று பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

செம்பனை தாவரவியல்படி நாம் நினைக்கிற மரமே அல்ல. தென்னை, மூங்கில், புல் எல்லாம் சேர்ந்த ஒருவித்திலைக் குடும்பம் அது. பால்மரத்தில் பட்டைக்கு அடியில் வளர்திசு ஒன்று இருந்து, உள்பக்கமாக ஆண்டுக்கு ஆண்டு கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகும். செம்பனைக்கு அந்தத் திசு கிடையாது. மிருதுவான பஞ்சு போன்ற திசுவுக்குள் கம்பி கம்பியாக நார்க்கற்றைகள் சிதறிக் கிடக்கும். அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். ஆப்பு அடித்தால் பிளக்காது, நசுங்கும். போதாக்குறைக்கு அதன் திசுக்களில் சிலிக்கா துகள்கள் உண்டு. மணலை அறுப்பதுபோல் சங்கிலியின் பற்களை மழுங்கடித்துவிடும். ஆகவே இன்றைக்கு விறகு என்றால், மிச்சமிருக்கும் சிறு தோட்டங்களின் பால்மரம், இல்லாவிட்டால் காற்றில் விழுந்த ரம்புத்தானோ பலாவோதான்.

பால்மரக் கட்டையை நெருக்கமாகக் கட்டிய உறிஞ்சுகுழல் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். குழல்கள் எல்லாம் வேரிலிருந்து உச்சியை நோக்கி ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே துண்டிக்க வேண்டுமானால் ஒவ்வொரு குழலையும் அறுத்தே ஆக வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதற்கோ மிகக் குறைந்த விசை போதும். அதனால்தான் குறுக்கே போக ரம்பமும், நெடுக்கே போக ஆப்பும் தேவைப்படுகின்றன. ஆப்பு உள்ளே இறங்க இறங்க, விரிசல் அதன் முனையைத் தாண்டி முன்னால் ஓடுகிறது. பாதி வேலையை மரமே நமக்குச் செய்து கொடுக்கிறது.

செயின்சாவின் பல் குறுக்கே அறுக்க அமைந்தது. இன்று நாம் காணும் சங்கிலிப் பல்லின் வடிவத்துக்கு ஒரு புழுதான் குரு. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப்புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாகச் செதுக்கிக்கொண்டே முன்னேறின. அதையே அவர் இரும்பில் செய்தார். அந்தச் சங்கிலியைக் கொண்டு கட்டையை நெடுக்குவாக்கில் பிளக்க முயன்றால், நீள நீளமான சுருள்கள் வந்து பல்சக்கரத்தை அடைக்கும், இயந்திரம் திணறும். திணறும் இயந்திரத்தை மனிதர்கள் என்ன செய்வார்கள்? இன்னும் அழுத்துவார்கள், நுனியைக் குத்துவார்கள்.

அந்த நுனிதான் எமன். செயின்சாவின் தகட்டு நுனியில், மேல் கால்வட்டம் எதிலாவது பட்டுவிட்டால், ஓடும் சங்கிலி மரத்தைக் கவ்விக்கொள்கிறது. கவ்வியதை அறுக்க முடியாதபோது தகடு முழுவதும் மேல்நோக்கிச் சுழன்று பிடித்திருப்பவர் முகத்துக்கே திரும்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. வேறு மர்மம் ஒன்றுமில்லை. சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். கண் கண்டு, மூளை சொல்லி, விரல் தளர 0.2 நொடியாவது ஆகும். அதற்குள் 4 மீட்டர் சங்கிலி ஓடி முடித்திருக்கும். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள காவல் தகடு, இடது கை அதில் மோதும்போதோ திடீர் அசைவிலோ சங்கிலியை நிறுத்துகிறது. உங்களைக் காப்பது அதுதான், உங்கள் அனுபவம் அல்ல.

இயங்கலையில் மலிவாகக் கிடைக்கும் 6 அங்குல மின்கல செயின்சாக்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். விளையாட்டுப் பொருள்போலத் தெரிகின்றன. படிவம் 4 மாணவன் ஒருவன் கைப்பேசியில் தன் வீட்டுக் கருவியின் படத்தைப் பெருமையாகக் காட்டினான். காவல் தகடும் இல்லை, பின்னால் இரண்டாவது கைக்கு இடமும் இல்லை. ஒரு கை கருவியைப் பிடித்தால் மறு கை என்ன செய்யும்? கட்டையைப் பிடிக்கும். அறுபடும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

கட்டையைக் கிடத்தும் விதமும் முக்கியம். இரண்டு முனையும் தாங்கியபடி கிடக்கும் கட்டையின் நடுவில் மேலிருந்து அறுத்தால், அறுபட்ட வாய் மூடித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். ஏனென்றால் கட்டையின் மேல்பக்கம் அமுங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கிறது. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நிலைமை தலைகீழ். வாய் தானாகத் திறக்கும். ஆகவே கட்டையை ஒரு மரத் தாங்கியில் கிடத்தி, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அறுங்கள். சாய்ந்து வளர்ந்த பால்மரத்தில் இந்த உள்விசை இன்னும் அதிகம். அறுக்கும்போதே கட்டை துள்ளும்.

அறுத்து முடிந்ததும் செயின்சாவை அணைத்து வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வேலை ஆப்புக்கு. நல்ல கோடாரியும் இரும்பு ஆப்பும் இருந்தாலே வீட்டுத் தேவைக்குப் போதும். நிறைய விறகு வேண்டுமென்றால் நீர்ம அழுத்தத்தில் இயங்கும் பிளக்கும் இயந்திரம் இருக்கிறது. படிவம் 5 இயற்பியலில் வரும் பாஸ்கல் கோட்பாடு அதில் உயிரோடு நிற்கிறது. எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்று கொள்ளுங்கள். இது கார் டயர் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உந்துதண்டின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 4,000 கிலோ, அதாவது 4 டன். வீட்டு மின்சாரத்தில், மெதுவாக, சத்தமில்லாமல் நகரும் 4 டன்.

மெதுவாக நகர்கிறது என்பதால் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். விரலுக்கும் கட்டைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நல்ல இயந்திரங்களில் இரண்டு கையாலும் இரண்டு பிடிகளை ஒரேநேரத்தில் அழுத்தினால்தான் உந்துதண்டு நகரும். கை இரண்டும் பிடியில் இருக்கும்போது ஆப்புக்கு அருகில் போக முடியாது அல்லவா? நம்மவர்கள் வேகத்துக்காக ஒரு பிடியைக் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள், அல்லது ஒருவர் கட்டையைப் பிடிக்க, மற்றவர் பிடியை அழுத்துகிறார். பொறியாளர் யோசித்துச் செய்த ஒரே பாதுகாப்பு அதோடு போயிற்று. எண்ணெய்க் குழாயில் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் மயிரிழை போல் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பிளக்க மறுக்கும் கட்டைகளும் உண்டு. கவட்டைகள் ஒரு வகை. இன்னொன்று பால்மரத்துக்கே உரியது: பால்வெட்டின்போது கத்தி ஆழமாக இறங்கி வளர்திசு காயப்பட்ட இடங்கள். அங்கே நார்கள் நேராக ஓடாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருக்கும். என்றோ ஒரு விடியற்காலையில் யாரோ அவசரமாக வெட்டிய வெட்டு, இருபது ஆண்டு கழித்து விறகு பிளப்பவருக்குத் தடையாக நிற்கிறது. அந்தக் கட்டையோடு மல்லுக்கட்டாதீர்கள். முழுசாகவே அடுப்பின் பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.

காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் நாட்டில் 2019-ல் நடப்புக்கு வந்த இரைச்சல் விதிமுறைகளின்படி, வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கான சராசரி இரைச்சல் வரம்பு 85 டெசிபல். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். 106 டெசிபலில் நான்கு நிமிடம்கூட மிஞ்சாது. பெட்ரோல் செயின்சாவைப் பிடித்திருப்பவர் காதில் விழுவது பெரும்பாலும் 100-க்கு மேல். இறந்துபோன உட்செவி மயிர்செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

அதிர்வும் அப்படித்தான். குளிர்நாடுகளில் செயின்சா பிடிப்பவர்களுக்கு விரல்கள் வெளுத்துப்போகும் நோயைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் வெப்பத்தில் வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது. மரத்துப்போவதும் ஊசி குத்துவதும்தான் தெரியும். வெளுக்கவில்லையே என்பதால் நோய் இல்லை என்று பொருளல்ல.

சங்கிலிக்குப் பழைய என்ஜின் எண்ணெய் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். ஓடும் சங்கிலி அந்த எண்ணெயை நுண்துளிகளாக உங்கள் மூச்சிலும், நாளைக்குச் சோறு வேகப்போகும் விறகிலும் தெளிக்கிறது. அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருக்கும்.

இந்தச் சட்டதிட்டங்களெல்லாம் வேலையிடத்துக்கு உரியவை. வீட்டுக் கொல்லைக்கும் கோயில் பின்கட்டுக்கும் எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. இலவசமாக விறகு அறுத்துக் கொடுக்கிற அந்த அண்ணனுக்கு முதலாளி இல்லை. அவருக்குக் காலணி வாங்கித் தரவேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை. அதனால் ஆலய நிர்வாகங்கள் அந்தக் கடமையை ஏற்க வேண்டும் என்கிறேன். ஒரு கோயிலுக்கு ஒரு தொகுப்பு போதும்: முகமூடியும் காதுக்காப்பும் சேர்ந்த தலைக்கவசம், கனமான காலணி, செயின்சாவுக்கென்றே செய்யப்பட்ட கால்காப்பு உடை. அந்த உடைக்குள் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் அவை வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்தும். பக்கத்துக் கோயில்களோடு சேர்ந்து பிளக்கும் இயந்திரம் ஒன்றையும் வாங்கலாம். பந்தல் செலவோடு ஒப்பிட்டால் பெரிய தொகையல்ல.

"இந்த வெயிலில் யார் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு அறுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திருவிழாவுக்கு முந்தின நாள் உச்சிவெயிலில் அவசரமாக அறுப்பதுதான் தவறு. அது விறகுக்கும் கேடு. பச்சைப் பால்மரக் கட்டை 10 கிலோ எடுத்தால் அதில் ஏறக்குறைய 4 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் போய்விடும் என்பார்கள். கணக்குப் போட்டால் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவுதான். உண்மையான நட்டம் வேறு. ஈரம் நெருப்பின் சூட்டைக் குறைக்கிறது. சூடு குறைந்தால் மரத்திலிருந்து வரும் வாயுக்கள் முழுதாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. அடுப்பருகே நிற்கும் பெண்கள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

கட்டையின் ஈரம் நார் ஓடும் திசையில் வேகமாகவும், குறுக்கே மிக மெதுவாகவும் வெளியேறும்; பட்டை வழியே அநேகமாக வெளியேறுவதே இல்லை. எனவே குட்டையாக அறுத்து, மணிக்கட்டுப் பருமனுக்கு உடனே பிளந்துவிட வேண்டும். பால்மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம் என்பதால், பிளக்காமல் போட்டுவைத்தால் சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், துளைக்கும் வண்டும் வரும்.

சித்ரா பௌர்ணமிக்கு விறகு வேண்டுமென்றால், தைப்பூசம் முடிந்த வாரமே அறுத்துவிடுங்கள். நம் மாநிலத்தில் மழை குறைந்த காலம் அது. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் மட்டும், வாரம் ஒருமுறை. தகரக் கூரைக்குக் கீழே, பக்கங்களைத் திறந்துவிட்டு, தரையில் படாமல் அடுக்குங்கள். ஒரு துண்டில் சுண்ணாம்பால் அடையாளமிட்டு வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவாருங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். எடை குறைவது நின்றுவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கு மேல் அது காயாது. அப்போது அடுப்புக்கு எடுக்கலாம்.