மழைக்கு முன் ஒரு வாளி



ஐப்பசி நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் மழைக்கால ஆயத்தங்கள் தொடங்கிவிடும். அரிசியும் பருப்பும் ஈரம் படாத கலங்களில் சேரும். மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் கைக்கெட்டும் இடத்திற்கு வரும். அத்துடன் கடமை முடிந்ததென்று மனம் நிறைவடைகிறோம். வயிற்றை நினைத்த நாம் உடலின் தூய்மையை நினைக்க மறந்துவிடுகிறோம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்தின் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் என் சித்தி மகளின் ஓட்டு வீடு எப்படியோ தப்பியது. கூரை இழந்த அண்டை வீட்டார் இருவர் குடும்பமும் அங்கே வந்து சேர, பன்னிரண்டு பேர் ஒரே வீட்டில் தங்கினர். மின்சாரம் இல்லை, ஆகவே மோட்டாரும் ஓடவில்லை. மூன்றாம் நாள் உணவுப் பொட்டலங்கள் வந்தன, அரிசியும் வந்தது. ஆனால் வீட்டிலிருந்த சோப்புக் கட்டி இரண்டும் அதற்குள் கரைந்திருந்தன. நான்காம் நாள் சிறு குழந்தை ஒன்றுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது.

“அதைவிட என்னை வருத்தியது வேறொன்று, அக்கா” என்றாள் அவள். அண்டை வீட்டுப் பதினான்கு வயதுப் பெண் இரண்டு நாள் மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தாளாம். கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாளாம். தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கொடுத்திருக்கிறாள் இவள். அதைத் துவைக்கச் சோப்பும் இல்லை. உலர்த்த வெயிலும் இல்லை. “அரிசி வேண்டுமென்று கேட்க எல்லாருக்கும் வாய் இருந்தது. இதைக் கேட்க அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை” என்றாள்.

தூய்மை என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரம் அன்று. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மகப்பேற்றுப் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டுமென்று விதித்தார். 1846இல் அவருடைய பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தனர். 1848இல் அந்த எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே இறங்கியது. அவர் பயன்படுத்திய பொருள், நம் கடைகளில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரேயாகும்.

ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு தேவை? பேரிடர்க் காலத் துயர்துடைப்புப் பணிக்கென வகுக்கப்பட்ட ‘ஸ்பியர்’ என்னும் பன்னாட்டு நெறிமுறை, ஆளொன்றுக்கு மாதத்திற்கு 250 கிராம் குளியல் சோப்பும் 200 கிராம் சலவைச் சோப்பும் குறைந்த அளவென்று கூறுகிறது. ஐவர் கொண்ட வீட்டிற்கு இரண்டு வாரத்திற்கு என்று கணக்கிட்டால், 100 கிராம் குளியல் சோப்பு ஏழும், 250 கிராம் சலவைச் சோப்பு இரண்டும் போதும். ஆனி மாதம் முதலே மளிகை வாங்கும்போது மாதம் இரண்டு கட்டி கூடுதலாக வாங்கி வைத்தால் கைப்பணத்திற்குச் சுமை தெரியாது.

மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். சோப்புகளுடன் பற்பொடி, மாதவிலக்குத் துணிகள் அல்லது நாப்கின்கள், கைக்குழந்தை இருப்பின் அணையாடைகள், படுக்கையில் உள்ள முதியோர்க்குத் தேவையான பழந்துணிகள், ரப்பர்க் கையுறை, குவளை ஒன்று ஆகியவற்றை அதனுள் வையுங்கள். நாப்கின்களை மட்டும் பாலிதீன் உறையிலிட்டு இறுகக் கட்டுங்கள். வாளியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவேண்டாம். வெள்ளம் முதலில் புகும் இடம் அதுவே. பரண்மேல் இருக்கட்டும். இடர் வந்த நாளில் அந்த வாளியே தண்ணீர் பிடிக்கவும் உதவும்.

பிளீச்சிங் பவுடரைத் தனியே வைக்கவேண்டும். ஒளியும் ஈரமும் பட்டால் அது வீரியம் இழக்கும். தகர டப்பாவை அரித்துவிடும். ஆகவே இறுக மூடிய பிளாஸ்டிக் கலத்தில், குழந்தைகளுக்கு எட்டாத இருண்ட இடத்தில் வையுங்கள். சென்ற ஆண்டு வாங்கியதை நம்பவேண்டாம். வெள்ளம் வடிந்த வீட்டில் முதலில் சேற்றை அகற்றி, சோப்பு நீரால் கழுவி, அதன் பின்னரே பிளீச்சிங் நீர் தெளிக்கவேண்டும். சேற்றின்மேல் ஊற்றினால் அதன் ஆற்றல் வீணாகும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டுடன் அதை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழுந்து மூச்சை அடைத்துவிடும். குடிநீருக்கு அதற்கென விற்கும் குளோரின் மாத்திரையை உறையில் கண்ட அளவில் இட்டு, அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். கொதிக்கவைக்க வழியிருந்தால் கொதித்த நீரே மேல்.

ஆண்டுதோறும் புரட்டாசியில் வாளியைத் திறந்து பழையதைச் செலவுக்கு எடுத்துப் புதியதை வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் முகக்கவசங்களும் கை சுத்திகரிப்பு நீர்மமும் கடைகளில் மறைந்தன. அவற்றை அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் அரசு கொண்டுவர நேர்ந்தது. புயல் அறிவிப்பு வந்தபின் ஓடிச்சென்று கடையைக் காலி செய்பவர், தமக்குப் பின்னால் நிற்கும் ஏழையின் பங்கையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறார். அமைதியான நாளில் சிறிது சிறிதாகச் சேர்ப்பவரோ யாருடைய பங்கையும் எடுப்பதில்லை.

என் சித்தி மகளின் பரணிலும் இப்போது ஒரு வாளி இருக்கிறது. அவளுக்குப் பெண்குழந்தை இல்லை. ஆயினும் அதனுள் நாப்கின் பொட்டலங்கள் இரண்டு எப்போதும் உண்டு. “கேட்க வாய் வராத பிள்ளை யாராவது வந்தால், கேட்காமலே கொடுக்கலாம் அல்லவா?” என்கிறாள்.

உங்கள் வாளியிலும் அப்படி ஒன்றுக்கு இடம் இருக்கட்டும்.