டர்போவுக்குப் பசி ஜாஸ்தி!

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. பைக் அலுத்துப்போச்சு. 'செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ ஜி.டி. டிஎஸ்ஐ வருது மச்சி... சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி' என்று நண்பன் போன் போடுகிறான். போய்ப் பார்க்கிறீர்கள். கிளம்பிய ஐந்தாவது நிமிஷம், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு உந்தல். அவ்வளவுதான், ஆள் அவுட்! மனசுக்குள் அலாய் வீல் மாட்டியாச்சு, சைலன்ஸர் மாற்றியாச்சு, கல்லூரி வாசலில் ஒரு ரவுண்டும் வந்தாச்சு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இந்தப் பக்கத்தை ஒரு தடவை படிச்சுடுங்க பாஸ். கொடுத்தாச்சா? அப்ப ரெண்டு தடவை படிங்க!

முதலில் அந்தக் 'கை' யாருடையது என்று பார்ப்போம். 1976-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ-தான் ஹாட் ஹேட்ச் வம்சத்தின் தாத்தா மாதிரி. 1.6 லிட்டர், நாலு சிலிண்டர், 110 குதிரை. டர்போ கிடையாது. நம்ம ஊரில் 2020-ல் வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ-யும் அதே 110 குதிரைதான். ஆனால் இன்ஜின் ஒரு லிட்டர், சிலிண்டர் மூணே மூணு! தாத்தா பெரிய இலை போட்டுச் சாப்பிட்டதை, பேரன் சின்னத் தட்டில் அழுத்தி அழுத்திச் சாப்பிடுகிறான். அழுத்திப் போடுவதுதான் டர்போவின் வேலை. சைலன்ஸர் வழியாக வீணாகப் போகிற புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இறுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் பவர் கூடும்.

கேட்க ஈஸியாக இருக்கிறதா? அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு பக்கம் 900 டிகிரியைத் தொடுகிற புகை. நடுவில் அதைத் தாங்கிப் பிடிப்பது முடியைவிட மெல்லிய ஒரு ஆயில் படலம். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால், டர்போ கார் வைத்திருப்பதில் பாதிப் பாடம் முடிந்தது. சாதா இன்ஜின் பழைய ஆயிலை முணுமுணுத்துக்கொண்டே சகித்துக்கொள்ளும். டர்போ சகிக்காது, பில்லாக நீட்டும்!

அதனால் கார் பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது ஆயில் மாற்றிய பில். 'எல்லாம் டைமுக்குப் பண்ணியிருக்கு சார்' என்கிற வாய் வார்த்தை செல்லாது; தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு போட்ட பேப்பர் வேண்டும். போலோவுக்கு கம்பெனி சொல்கிற கணக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். நம் சாலைகளில் தினமும் ஊர்ந்து, வெயிலில் வெந்து ஓடுகிற காருக்கு அதில் பாதியிலேயே மாற்றச் சொல்லுவேன். மேனுவலில் போட்டிருக்கிற அதே தர நம்பர் ஆயில் டின்னிலும் இருக்கணும். 'எல்லாம் ஒண்ணுதாம்பா' என்று டிரம்மிலிருந்து ஊற்றுகிற இடத்துக்கு டூ-வீலரைக் கூடக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதுதான் பார்ப்பேன் என்று அடம்பிடியுங்கள். நீங்கள் போவதற்குள் ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அது டர்போவின் சீல் வழியாகவும் இருக்கலாம், இன்ஜினுக்குள்ளேயும் இருக்கலாம். இரண்டுமே உங்கள் முதல் வருஷச் சேமிப்பைக் குடிக்கும். பேனட்டைத் திறந்து கூலன்ட் கலரையும் பாருங்கள். கலர் போய் வெறும் தண்ணீராகத் தெரிந்தால், யாரோ போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பக்கெட்டில் படிகிற அதே உப்பு உள்ளேயும் படிந்திருக்கும்.

எந்த காரைப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் வந்த போலோ ஜி.டி. டிஎஸ்ஐ: 1.2 லிட்டர், 105 குதிரை, 175 நியூட்டன் மீட்டர் டார்க். 2015-ல் வந்த அபார்த் புன்ட்டோ: 1.4 லிட்டர், 145 குதிரை. அந்த விலையில் அப்படி ஒரு முரட்டுக் காளையை அதற்கு முன்னால் யாரும் இங்கே அவிழ்த்துவிட்டதில்லை! 2017-ல் பலேனோ ஆர்.எஸ், 102 குதிரை. மூன்றுமே இப்போது பழைய கார் சந்தையில்தான். ஃபியட் கடையையே காலி செய்துவிட்டது. போலோ 2022-ல் விடைபெற்றது. 2021-ல் ஐ20 என் லைனும் 2024-ல் அல்ட்ராஸ் ரேசரும் அந்த ஆசையைக் கொஞ்சம் காப்பாற்றின. 2025-ல் அசல் கோல்ஃப் ஜி.டி.ஐ-யே கப்பலேறி வந்தது. விலை 50 லட்சத்துக்கு மேல், அதனால் அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்!

அபார்த் ஆசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி சூப்பர். ஆனால் கம்பெனி ஊரை விட்டுப் போன கார். சாதாப் பார்ட்ஸ்கூட ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டி வரும். ஆபீஸுக்கு வேறு வண்டி இருக்கிறவர்கள் மட்டும் அதைத் தொடலாம்.

போலோ ஜி.டி-யில் டர்போவைவிடப் பதற வைப்பது அந்த ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ்தான். உள்ளே இரண்டு கிளட்ச். ஆயிலில் ஊறாத, வறண்ட கிளட்ச். ஹைவேயில் வெண்ணெய் மாதிரி வேலை செய்யும். கத்திப்பாராவில் சாயங்காலம் ஆறு மணிக்கு அரை அடி, அரை அடியாக ஊர்ந்தால் வெந்து போகும். முன்னால் இருக்கும் பஸ் நகர்ந்த உடனே நீங்களும் ஒட்டிக்கொண்டு நகராதீர்கள். ஒரு கார் நீளத்துக்கு இடைவெளி விழட்டும், அப்புறம் ஒரே மூச்சில் போங்கள். பின்னால் ஹாரன் கச்சேரி நடக்கும். நடக்கட்டும், கிளட்ச் மாற்றும் காசை அவர் தரப்போவதில்லை! டெஸ்ட் டிரைவில் ஒன்றாவது, இரண்டாவது கியர் விழும்போது உடம்பு உதறினால் பேரத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள்.

இன்னொரு பழக்கம். டாப் கியரில் 1,500 ஆர்.பி.எம்-ல் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்காதீர்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கிற சின்ன டர்போ இன்ஜின்களில், அந்த நேரத்தில் ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே கலவை தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். மேலே ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டன் தலையில் சுத்தியலால் போடுகிற அடி அது. பிஸ்டன் உடையவும் செய்யும். ஒரு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள்.

இனி நீங்கள் காத்திருந்த மேட்டர்... ரீமேப்!

லேப்டாப்பை மாட்டி இன்ஜின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றுகிறார்கள். டர்போ அழுத்தம் கூடும், ஸ்பார்க் நேரம் மாறும், பெட்ரோல் அளவு மாறும். ஒரு போல்ட்கூடக் கழற்றாமல் 25, 30 சதவீதம் பவர் ஏறுகிறது. டர்போ இல்லாத காரில் இதே வேலைக்கு ஏதோ பெயருக்கு நாலைந்து குதிரை கிடைக்கும். டர்போவில் மட்டும் ஏன் இவ்வளவு? கம்பெனிக்காரர்கள் என்ன ஏமாளிகளா?

அவர்கள் அதை மிச்சம் வைத்திருக்கிறார்கள். ஒரே காரை லடாக் குளிரிலும் விற்கிறார்கள், ராஜஸ்தான் மணலிலும் விற்கிறார்கள். ஒருவர் 95 ஆக்டேன் போடுவார், ஒருவர் எது மலிவோ அது. ஒருவர் ஆயிலை மறந்தே போவார். எல்லோருக்கும் தாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்த மிச்சம் அது. ரீமேப் என்றால் அந்த மிச்சத்தை எடுத்துச் செலவு பண்ணுவது. மார்கழிக் காலையில் துள்ளிக்கொண்டு போகிற கார், அக்னி நட்சத்திர மதியத்தில் சோம்பல் முறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று மெலிந்த காற்று. அதோடு இன்ஜின் 'நாக்' ஆகாமல் இருக்க கம்ப்யூட்டரே ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டுக் காப்பாற்றுகிறது. மிச்சத்தைக் காலி செய்த காரில் அப்படித் தள்ளிப்போட இடம் குறைச்சல். டிஎஸ்ஜி-க்கும் இதே கதைதான். அந்தக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்று வடிவமைக்கப்பட்டது. 175-ல் இருக்கிறவரை நிம்மதி. 230-ஐத் தொட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் அழும்.

ஆக, ரீமேப் பாவமா? இல்லை. ஆரோக்கியமான காருக்கு, நல்ல கை செய்தால், சந்தோஷமான விஷயம்தான். 60,000 கிலோமீட்டர் ஓடி, ஆயில் பில் இல்லாமல், பிரேக் பேட் தேய்ந்து, டயர் கல்லாகி நிற்கிற காருக்கு அதையே முதல் வேலையாகச் செய்வதுதான் என் சண்டை. கையில் ஒரு லட்சம் இருந்தால் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், நாலு டயர் என்று ஆரம்பியுங்கள். இதில் எதையும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட முடியாது என்பது தெரியும்!

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க நம்பர் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் பிறந்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், வயசான ரப்பர் மழை ரோட்டில் சோப்பு மாதிரி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற ஜாதி; இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். மாற்றாமல் நாலு நண்பர்களை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனால், ஏறும்போது 70 கொண்டை ஊசியும் கொண்டாட்டம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பின் சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பவனுக்கு உங்கள் ரீமேப் எத்தனை குதிரை என்பது அப்போது முக்கியமில்லை. இறக்கத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கி, இன்ஜினைப் பிடித்து நிறுத்த விடுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியை டக்கென்று அணைக்காமல், கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துங்கள். டர்போ ஆறட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். சத்த சைலன்ஸருக்குத் தனிக் கணக்கு: 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸ் மூன்று மாதம் சஸ்பெண்ட். இதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். மாற்றியதைச் சொல்லாமல் வைத்திருந்து விபத்து ஆனால், கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். உங்கள் கார் போவது ஒரு பக்கம். எதிரே வந்தவர் குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

'புஸ்ஸ்ஸ்' சத்தத்துக்கு புளோ ஆஃப் வால்வ் மாட்டலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: சத்தம் மட்டும்தான் கிடைக்கும். பல இன்ஜின்களில், ஏற்கெனவே அளந்து கணக்கு வைத்த காற்றை வெளியே விட்டுவிடுவதால் பெட்ரோல் அதிகமாகிக் கரிப்புகைதான் மிச்சம். கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் அப்படித்தான், முறையாகத் தடுப்பு இல்லாவிட்டால் பேனட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுத்துக்கொடுக்கும். பசிக்கிறது என்றவனுக்கு வெந்நீர் கொடுத்த மாதிரி!

பெட்ரோல் விஷயத்தில் ஒன்று. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2013, 2015 மாடல் கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும், அது எத்தனாலின் குணம். பெட்ரோல் டியூப், சீல்களை மட்டும் சர்வீஸின்போது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே வண்டியை விடுங்கள்.

எல்லாம் சரி செய்தாச்சு, ஓட்டிப் பார்க்கணும் என்று கால் துறுதுறுக்கிறதா? ராத்திரி ஈ.சி.ஆர். அதற்கான இடம் இல்லை, அங்கே சைக்கிளில் மீன் கூடையோடு வருகிறவருக்கு டெயில் லைட் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிஜ ரேஸ் டிராக் இருக்கிறது; கோவைக்காரர்களுக்கு செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டுகிற டிராக் டே அறிவிப்பு வரும்போது காசு கட்டிப் போங்கள். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது. புது பிரேக் பேட், ஹெல்மெட், டயர் காற்று பார்க்கிற கேஜ், டாப் அப் பண்ண ஒரு லிட்டர் ஆயில்... இவ்வளவும் டிக்கியில் இருக்கட்டும். நாலு ரவுண்டு வேகமாக ஓட்டினால், ஒரு ரவுண்டு மெதுவாக ஓட்டி ஆற வைத்துவிட்டு உள்ளே வாங்க. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் மட்டும் போடாதீங்க. சூட்டில் பின் பிரேக் ஒட்டிக்கும். டயருக்குக் கீழே ஒரு கல்லு வைங்க, போதும்.

(அடுத்த வாரம்: ஆர்.சி-யில் பேர் மாத்தாமலே வண்டியைக் கொடுத்துட்டுப் போற ஆசாமிகள்!)