சாய்ந்தது சிம்பியான்!

செல்போனுக்கு உடலும் உண்டு, உயிரும் உண்டு. கண்ணாடி, பாட்டரி, பொத்தான் எல்லாம் உடல். அவற்றை ஆட்டி வைக்கும் மென்பொருள்தான் உயிர். அதற்கு இயங்குதளம் என்று பெயர்.

ஒரு காலத்தில் இந்தத் துறையில் கொடி கட்டிப் பறந்தது சிம்பியான்.

அது பிறந்தது லண்டனில். ஆண்டு 1998. பிரிட்டனின் சையான் கம்பெனியிடம் கைக்கணினிகளுக்கான மென்பொருள் இருந்தது. பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன், அமெரிக்காவின் மோட்டரோலா ஆகியவை அதனுடன் கூட்டுச் சேர்ந்தன.

அன்றைய போனில் நினைவகம் குறைவு. பாட்டரியும் சிறியது. சிம்பியான் இரண்டையும் சிக்கனமாகச் செலவு செய்தது. 2007-ம் ஆண்டில் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு மேல் சிம்பியான் போன்களே!

அதே ஆண்டில் ஐபோன் வந்தது. விரலால் தொட்டால் போதும், வேலை நடந்தது. மறு ஆண்டு ஆண்ட்ராய்டு போன் வந்தது.

சிம்பியானோ பொத்தான் போனுக்காக வளர்ந்தது. தொடுதிரையை அதில் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டு நிற்கவில்லை. ஒரு கம்பெனியின் சிம்பியான் போனுக்கு எழுதிய செயலி, இன்னொரு கம்பெனி போனில் ஓடாத நிலையும் இருந்தது. செயலி எழுதுகிறவர்கள் சலித்துப் போனார்கள்.

2008-ல் சிம்பியானை நோக்கியா முழுவதுமாக விலைக்கு வாங்கியது. 2011-ல் அதை விட்டு, மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. 2012-ல் 41 மெகாபிக்சல் காமிராவுடன் கடைசி சிம்பியான் போன் வந்தது. 2014 ஜனவரி முதல் புதுச் செயலிகளுக்குக் கதவு அடைபட்டது. 2017-ல் வாட்ஸ்அப்பும் விடை பெற்றது.

நஷ்டம் கம்பெனிக்கு மட்டும்தானா? இல்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கும்தான்! அவருடைய போன் உடையவில்லை, கெடவில்லை. பேசலாம், படம் எடுக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு வசதியாகக் கை நழுவிப் போயிற்று. உடல் இருக்க, உயிர் தேய்ந்தது.

இன்றும் கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள். காமிராவைப் பார்க்கிறார்கள். நிறத்தைப் பார்க்கிறார்கள். "இதற்கு எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பித்துத் தருவீர்கள்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? மாதத் தவணை கட்டி வாங்கும் குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கேட்பது வாங்குகிறவரின் உரிமை. சொல்வது விற்கிறவரின் கடமை.

பெட்டியின் மேல் விலையை அச்சிடுகிறார்கள். ஆயுளையும் அச்சிடட்டும்!