இறங்கும் கணக்கோடு ஏறுக

கார்த்திகை பிறந்ததும், வெள்ளியங்கிரிப் பயணம் குறித்து அன்பர்கள் எழுதும் கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. இவ்வாண்டு வந்தவற்றுள் ஒன்று மனத்தை நெடுநேரம் பிடித்துக்கொண்டது. எழுதியவருக்கு அறுபத்தேழு வயது. இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். பேரன் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தெழுந்தால் ஏழாம் மலை ஏறி ஈசனைத் தரிசிப்பதாக நேர்ந்துகொண்டாராம். பேரன் நலமடைந்து பள்ளிக்குச் செல்கிறான். மகனோ, "இந்த வயதில் மலையேற வேண்டாம்" என்று தடுக்கிறார். "நேர்ந்ததைச் செலுத்தாமல் கண்மூடினால் கடன்காரனாக அல்லவா போவேன்?" என்று கேட்கிறார் அன்பர்.

செல்க, செல்லற்க என்று ஒற்றைச் சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. முதலில் மலையை அறிதல் வேண்டும். அடுத்து உடலை அறிதல் வேண்டும். அதன் பின்னரே முடிவு.

தென்கயிலாயம் எனப் போற்றப்படும் வெள்ளியங்கிரி, கோவைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது. அடிவாரமாகிய பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவர் மனோன்மணி அம்மையுடன் கோயில் கொண்டுள்ளார். அங்கிருந்து ஏழு மலைகளைக் கடந்தால், பெரும் பாறைகள் தோரணமாய்க் கவிந்து நிற்க, அவற்றின் அடியில் சுயம்புவாய் எழுந்தருளியிருக்கும் ஈசனைக் காணலாம். உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரம். செல்லும் தொலைவு சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்தச் சிறு தொலைவுக்குள் ஏறக்குறைய 4,000 அடி உயர வேண்டியிருப்பதே இப்பயணத்தின் கடுமை.

முதல் மலை செங்குத்தான படிகளாலானது. அதன் முடிவில் வெள்ளை விநாயகர் கோயில். பின்னர்ப் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எனப் பாதை நீள்கிறது. போகப்போகப் படிகள் மறைந்து பாறையும் மண்ணுமாகின்றன; மேலே புல்வெளியில் நிழல் இல்லை; குளிர்காற்று வீசும். ஆறாம் மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கி, மீண்டும் ஏழாம் மலை ஏற வேண்டும். போகும்போது இறங்கியதைத் திரும்பும்போது ஏறியாக வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வாகனம் செல்லும் வழி கிடையாது. நடக்க இயலாமற் போனவரை டோலி கட்டித்தான் சுமந்து இறக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மூச்சுத் திணறியும் நெஞ்சுவலி கண்டும் அடியார் சிலர் வழியிலேயே உயிர் நீத்த செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இதய நோய், மூச்சுக் கோளாறு, இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் ஏறுவதைத் தவிர்க்குமாறு வனத்துறையினர் அறிவுறுத்துவதும் இதனாலேயே.

பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரையே மலையேற அனுமதி உண்டு. ஆகவே கார்த்திகையில் ஆயத்தத்தைத் தொடங்குபவர் மாசியில் முடிவெடுக்கலாம். முதற்பணி மருத்துவரைக் காண்பது. "உடம்பு எப்படியிருக்கிறது?" என்று பொதுவாகக் கேளாமல், "சுமார் 4,000 அடி ஏறி இறங்கப் போகிறேன். என் இதயம் தாங்குமா?" என்று கேளுங்கள். படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி. ஒன்றே போதாது. ஓடுபொறியில் நடக்கவைத்துப் பார்க்கும் டிரெட்மில் சோதனை தேவையா என்பதை அவர் கூறுவார். அவர் வேண்டாமென்றால் அத்துடன் நிறுத்திக்கொள்வது நலம். வேறொரு மருத்துவரிடம் சென்று சாதகமான விடை தேடுதல் கூடாது.

அவர் இசைந்தால் பயிற்சியைத் தொடங்கலாம். முதல் மாதம் நாள்தோறும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் சமதரையில் நடக்க வேண்டும். அடுத்து, வாரம் இருமுறை படியேறிப் பழக வேண்டும். நம் குன்றுக் கோயில்களே இதற்கு ஏற்ற பயிற்சிக் களங்கள். பழநியில் 693 படிகள். குளித்தலையை அடுத்த அய்யர்மலையில் 1,017. சோளிங்கர் பெரிய மலையில் 1,305. இந்த வரிசையில் சில வார இடைவெளி விட்டு ஏறிவந்தால் தரிசனமும் ஆயிற்று, உடலின் நிலையும் தெரிந்துவிடும். ஏறும்போது "நமசிவாய" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செல்லுங்கள். சொல் இடையில் முறியாமல் வந்தால் நடைவேகம் சரி. மூச்சு வாங்கி நாமம் அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதைவிட எளிய அளவுகோல் வேறில்லை. சோளிங்கர் ஏறி இறங்கிய மறுநாள் முழங்கால் வீங்கினாலோ மூன்று நாள் அயர்வு நீங்காவிட்டாலோ, வெள்ளியங்கிரிக்கு உடல் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

விரதம் பற்றி ஒரு சொல். வெறும் வயிற்றோடு ஏறுவதே பக்தி என்று கருதுவோர் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் ஏறினால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள் சிறுநீரை மிகுதியாக வெளியேற்றுவன. வியர்வையும் சேர்ந்தால் உடல் வறண்டுவிடும். எந்த மாத்திரையை எப்பொழுது உண்பது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேரீச்சை, உலர்திராட்சை, கடலைமிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவை பையில் இருக்கட்டும். விரதத்தை ஊரிலேயே நிறைவு செய்துவிட்டு மலையேறுவதால் குறையொன்றுமில்லை.

மகா சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் கூட்டம் மிகும் நாட்கள். முதியோர் அவற்றைத் தவிர்த்து வாரநாளொன்றைத் தேர்தல் நலம். யானைகள் நடமாடும் காடாதலால் தனியே செல்லலாகாது. அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடி, கைவிளக்கு, கம்பளி, இரண்டு லிட்டர் நீர், மருந்துச் சீட்டு ஆகியவை போதும். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு செல்லாதீர்கள். அது இறைவன் உறையும் காடு.

இனிமேல் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நாடி. வங்கியில் கடன் விண்ணப்பம் வந்தால், எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு முன், எவ்வாறு திருப்பிச் செலுத்துவார் என்பதையே நாங்கள் ஆராய்வோம். மலையிலும் அப்படியே. ஏறுவது வாங்கும் கடன். இறங்குவது திருப்பிச் செலுத்துவது. ஏற்றத்தில் மூச்சு சோதிக்கப்படும். இறக்கத்தில் தொடையும் முழங்காலும் சோதிக்கப்படும். உச்சியில் நிற்கும்போது உடலின் வலிமையில் பாதியேனும் கையிருப்பாக மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே, திரும்பும் இடத்தையும் நேரத்தையும் வீட்டிலேயே முடிவு செய்து, தாளில் எழுதி, ஒரு படியை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கினால், வெள்ளை விநாயகர் சந்நிதியை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலானால், அவரை வணங்கி அங்கேயே திரும்புவது. நண்பகல் 12 மணிக்கு எங்கே இருந்தாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்புவது. நெஞ்சு இறுக்கம், குளிர்வியர்வை, தலைச்சுற்றல், அமர்ந்த பின்னும் தணியாத மூச்சிரைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மேலே ஓரடியும் வைக்கலாகாது. உடனே உதவி கேட்க வேண்டும். முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வருவதுண்டு. "வாயுப் பிடிப்பு" என்று தள்ளிவிடாதீர்கள். களைத்தவனின் அறிவு களைப்பை ஒப்புக்கொள்ளாது. ஆதலின் திரும்பும் முடிவை உடன்வரும் மகனிடமோ மருமகனிடமோ ஒப்படைத்துவிடுங்கள். அவர் சொல்லே அன்று கட்டளை.

திரும்பினால் நேர்த்தி பொய்த்துப்போகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. திருநாவுக்கரசர் பெருமானின் வரலாற்றை நினையுங்கள். முதிய பருவத்தில் கயிலைநாதனைக் காண வடதிசை நோக்கி நடந்தார். பாதம் தேய்ந்தபின் கைகளால் தாவினார், கையும் தேய மார்பால் ஊர்ந்தார், பின்னர் உருண்டார். முனிவர் வடிவில் எதிர்வந்த இறைவன், மானுடர்க்குக் கயிலை அரிது, திரும்புக என்றான். காணாமல் மீளேன் என்றார் அவர். அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவன் பணிக்க, அவ்வாறே மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே கண்ட உயிர்களெல்லாம் சிவமும் சக்தியுமாய்த் தோன்றக் கயிலைக் காட்சி பெற்றார். ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இன்றும் அது விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அவர் உள்ளத்தில் உறுதி குறையவில்லை, திருப்பியவன் இறைவன், காட்சி கிடைத்ததோ காவிரிக்கரையில்.

திருவண்ணாமலையில் மலையே இலிங்கம். 14 கிலோமீட்டர் வலம் வருவதே அங்கு வழிபாடு. மருத்துவர் தடுத்த அன்பர், பூண்டிக்குச் சென்று ஆண்டவரை வணங்கி, ஏழு மலைகளையும் அண்ணாந்து நோக்கிக் கைகூப்பட்டும். உடல்வலிமை உள்ள மகன் மேலே சென்று வழிபட்டுத் திரும்பும்வரை அடிவாரத்தில் அமர்ந்து ஐந்தெழுத்தை ஓதட்டும். நேர்ந்துகொண்டது பேரன் நலமாய் வாழ வேண்டும் என்பதற்காக அன்றோ? அந்தப் பேரனுக்குத் தாத்தாவும் வேண்டும்.

ஏறத் தகுதி பெற்றவர் ஈசனருளால் ஏறி நலமே இறங்குக. மற்றவர் இருந்த இடத்திலேயே அவனருள் பெறுக.

சிவாயநம.