பாயில் அமர்ந்தவரின் கோணம்

ஓமலூரில் என் பெரியம்மாவின் வீடு, மேற்குப் பார்த்த வாசலும், கூடத்தில் பாய் விரித்து அமரும் வழக்கமும் மாறாத பழைய ஓட்டு வீடு. சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, பேரன் ஆசையோடு வாங்கி மாட்டியிருந்த 43 அங்குலத் தொலைக்காட்சியைக் காட்டி, "பழைய பொட்டியே தேவலை கண்ணு, இதுல மொகமெல்லாம் சாம்பல் பூத்தாப்பல தெரியுது" என்று அவர் மனம் வருந்திச் சொன்னார். வயோதிகத்தினால் வந்த பார்வைக் குறை என்று வீட்டார் அதற்குச் சமாதானம் கூறினார்கள். நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். அவர் பக்கத்தில் பாயில் அமர்ந்த பிறகுதான், அவர் கூறியது அணுவளவும் பிசகாத உண்மை என்பது விளங்கிற்று.

குழந்தைகளின் கை எட்டாதிருக்கும் பொருட்டுப் பெட்டியைத் தரையிலிருந்து 6 அடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். சம்மணமிட்டு அமர்ந்தவரின் கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. 6 அடி தூரத்திலிருந்து நோக்கினால், பார்வை 30 பாகை மேல்நோக்கிச் சாய்கிறது.

பெரியம்மா நினைவுகூர்ந்த பழைய பெட்டி, 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. அதன் கண்ணாடிக் குழாயின் உட்புறப் பூச்சு, எலெக்ட்ரான்கள் மோதுந்தோறும் தானே ஒளிர்ந்து, அவ்வொளியைச் சகல திசைகளிலும் சிந்தியபடியால், கட்டிலில் படுத்திருந்தவருக்கும் வாசற்படியில் நின்ற அண்டை வீட்டாருக்கும் ஒரே நிறமே தெரிந்தது. இன்று எல்.இ.டி. என்ற பெயரில் விற்பனையாகும் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை எல்.சி.டி. வகையே, பின்புறத்து விளக்கின் ஒளியைத் திரவப் படிகங்கள் புள்ளிதோறும் தடுத்தும் விடுத்தும் சித்திரத்தை உண்டாக்குகின்றன. நேரெதிரே இருப்பவருக்கென்று அளவு செய்த அந்தத் தடுப்பு, சாய்வாக வெளிப்படும் கிரணங்களுக்குப் பொருந்தாமையால், கறுப்பு சாம்பலாகி நிறங்கள் வெளுக்கின்றன. வி.ஏ. என்னும் வகைப் பலகையில் நேரே பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் சோபை குன்றும், ஐ.பி.எஸ். வகையோ பக்கத்திலும் நிறம் காக்கும், ஆனால் இருட்டறையில் அதன் கறுப்பு சற்றே நரைத்துத் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் சுயமாக ஒளிரும் ஓ.எல்.இ.டி.க்கு இந்தச் சங்கடம் மிகக் குறைவு; விலைதான் அதிகம்.

கோணம் பாதி, வெளிச்சம் மறு பாதி. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸார் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப் படத்தை வெளியிட்ட காலத்தில், கொட்டகைகளில் கதவுகளை அடைத்துத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டதன் காரணத்தை யோசித்துப் பாருங்கள். வெள்ளைத் திரையில் இரவின் கருமையைக் காட்டப் படக்கருவியால் ஆகாது. அரங்கின் இருளே அதைக் காட்ட வேண்டும். தொலைக்காட்சிக்கும் அதே நியாயம்தான். அறையின் வெளிச்சம் திரைமேல் விழுந்து திரும்பும் அளவிற்கு, அதன் கறுப்பும் வெளுத்தே தீரும். பெரியம்மாவின் கூடத்தில் மாலை வெயில் வாசல் வழியே நேராகத் திரைமேல் விழுந்தது. அந்தி சாய்ந்த பின்போ எதிர்ச்சுவரின் டியூப்லைட், நடிகர்களின் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாகப் பிரதிபலித்தது. பிரகாசத்தை உச்சத்திற்கு ஏற்றியும் பயன் விளையாமல் கண் எரிச்சலே மிஞ்சியது.

மறுநாள் பெட்டியை இறக்கி, வெயில் நேரே படாத வடக்குச் சுவரோரம் உயரம் குறைந்த மேசைமேல் வைத்து, குழந்தைகள் இழுத்தாலும் சாயாதபடி சுவரோடு வாரினால் பிணைத்தோம். எதிர்ச்சுவர் விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியின் பின்புறம் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றை வைத்தோம். முழு இருட்டில் திரை ஒன்றே ஜ்வலித்தால் கண் களைக்கும். கடை வெளிச்சத்திற்கென்று அமைந்த 'விவிட்' நிலையை மாற்றிச் 'சினிமா' நிலையில் வைத்தோம். அன்றிரவு பெரியம்மா தொடர் முடியும்வரை ஒரு குறையும் சொல்லவில்லை.

உயரத்தில் மாட்டியே தீர வேண்டிய வீடுகளில், பெட்டியின் முகம் பாயை நோக்கிக் கவியும்படியான சட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் நேரத்தில் பெட்டியை அணைத்துவிட்டு, வீட்டில் மூத்தவர் அமரும் இடத்தில் அமர்ந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். அதில் தென்படும் சன்னலும் விளக்கும் நாள்தோறும் அவருடைய படத்தின்மேல் கிடக்கின்றன. அவற்றை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.