விழுந்தவள் பேசுகிறாள்

இமயத்தைத் தாண்டி ஆறு பேரும் ஒரு நாயும் நடக்கிறார்கள். முதலில் விழுபவள் திரௌபதி. ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அர்ச்சுனன் மீது அவளுக்குத் தனிப் பிரியம், அதன் பலன் இது என்கிறார் தருமர். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். வியாச பாரதத்தில் சில சுலோகங்களில் முடிந்துவிடும் காட்சி. விழுந்தவள் என்ன நினைத்தாள், யாரைக் கூப்பிட்டாள் என்பதற்கு மூலத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அந்த மௌனம்தான் எழுத்தாளர்களை விடாமல் இழுக்கிறது. ஒடியாவில் பிரதிபா ராய் 1984இல் எழுதிய 'யாக்ஞசேனி' முழுக்க முழுக்க அந்த மலைச் சரிவில்தான் நடக்கிறது. சாகக் கிடக்கும் திரௌபதி தன் தோழன் கிருஷ்ணனுக்கு எழுதும் நீண்ட கடிதம் அது. (கடிதம் போய்ச் சேர வேண்டியவர் அதற்கு முன்பே வேடன் அம்பு பட்டு இறந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.) 1991இல் இந்த நாவலுக்கு மூர்த்திதேவி விருது கிடைத்தது. அதே 1984இல் மலையாளத்தில் வந்த எம்.டி. வாசுதேவன் நாயரின் 'ரெண்டாமூழம்' தருமர் திரும்பாத இடத்தில் பீமனைத் திரும்ப வைத்தது.

இவர்களுக்கு முன்னோடி நாவலாசிரியரே அல்ல. புனே டெக்கான் கல்லூரியின் மானிடவியல் அறிஞர் ஐராவதி கர்வே. 1968இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற அவருடைய 'யுகாந்தா' மராத்திக் கட்டுரைத் தொகுப்பு. காந்தாரி, குந்தி, திரௌபதி என ஒவ்வொருவரையும் மூலத்தின் துணையோடு அலசுகிறவர், திரௌபதியின் கடைசி நிமிடங்களுக்கு வந்ததும் நின்று, இனி வருவது பாரதத்தில் இல்லை, தன் சொந்தச் சரக்கு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகே கற்பனை. திரும்பி வந்த பீமனிடம், அடுத்த பிறவியில் நீ மூத்தவனாகப் பிற என்கிறாள் அவள்.

இதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. கேட்ட பூவைத் தேடிக் காட்டுக்குள் ஓடியவன், கீசகனைக் கொன்றவன், சபையில் துச்சாதனன் ரத்தத்துக்குச் சபதம் போட்டவன் எல்லாம் பீமன்தான். கர்வே இட்டுக்கட்டியது ஒரு காட்சியை. அந்த மனிதர்களை அல்ல. பல நூறு பக்க நாவல்கள் செய்யாததைச் சில பக்கங்கள் செய்துவிடுவது இதனால்தான்.

பிற்பாடு வந்தவர்கள் வேறொருவன் பக்கம் போனார்கள்: கர்ணன். பிரதிபா ராயிடம் மனதின் ஓரத்துச் சலனமாக இருப்பது, சித்ரா பானர்ஜி திவாகருணி 2008இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி பேலஸ் ஆஃப் இல்யூஷன்ஸ்' நாவலில் வாழ்நாள் காதலாகிறது. இது நாவலாசிரியர்களின் கண்டுபிடிப்பும் அல்ல. மராட்டிய நாட்டுப்புறத்தில் நாவல் பழத்தை வைத்துச் சொல்லும் 'ஜாம்புள் ஆக்யான்' கதையில் திரௌபதியின் மனதில் ஏற்கெனவே கர்ணன் இருக்கிறான். சுயம்வரத்தில் 'தேரோட்டி மகனை மணக்க மாட்டேன்' என்று அவள் சொல்வதாகப் பிரபலமான வரியை, புனே பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பு மூலத்தில் சேர்க்கவில்லை. ஆக, கற்பனைக்கு இடம் உண்டுதான்.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. ஒருவனிடம் கூடுதல் பிரியம் வைத்தாள் என்பது தருமரின் குற்றச்சாட்டு. அவளுக்காக வாதாட வந்தவர்கள் ஆளை மாற்றிவிட்டு அதே குற்றச்சாட்டை உறுதிசெய்கிறார்கள். ஐந்து கணவர்கள் போதாதென்று ஆறாவதாக ஒருவன் இருந்தால்தான் அவளுக்கு அந்தரங்கம் என்று ஒன்று இருக்குமா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள் இந்தக் காதலைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது தனிக் கதை.

வியாசர் அவளை ஊமையாக வைத்தவரும் அல்ல. சூதாடித் தோற்றவர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா என்று சபைக்குக் கேள்வி அனுப்பினாளே, அது அவருடைய திரௌபதி. தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். அந்தச் சட்டக் கேள்வியைக் கேட்ட மூளை மலைச் சரிவில் கிடக்கும்போது என்ன கணக்குப் போட்டிருக்கும்? காதலை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை எழுதும் நாவலுக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.

மூலத்தில் அடுத்து விழுபவன் சகாதேவன். தருமர் அப்போதும் திரும்பவில்லை. நாய் பின்னால் போகிறது.